வீட்டுக் கணனியும் உறுதிப் பையும்

இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களின் வீடுகளுக்குள் கணனி நுழைந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனைக் கடையிலே புதிதாக வாங்கியவர்கள் மிகச் சிலரே. கனடாவிலிருந்தோ சுவிற்சர்லாந்திலிருந்தோ விடுமுறைக்கு வந்த மாமா விட்டுச்சென்ற பழைய மடிக்கணனி, 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளையின் படிப்புக்கென்று நகையை அடைவு வைத்து வாங்கிய பாவித்த கணனி என்றவாறே அவை பெரும்பாலும் வந்து சேர்ந்தன. தறப்பாள் கொட்டிலில் இருந்து வந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அப்படிக் கேட்பதில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது போனால் அந்த வீட்டுக்கு என்ன நேரும் என்பதே எமது கேள்வி.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையிலே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களும் கையிலே ஒரு பையைப் பற்றிக்கொண்டுதான் புறப்பட்டார்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, சங்கக்கடைக் கூப்பன் என எல்லாம் அதற்குள். பலருக்கு அந்தப் பையும் தப்பவில்லை. பின்னர் காணிப் பதிவகத்திலும் பதிவாளர் கந்தோரிலும் நாட்கணக்காக நின்று பிரதி எடுத்தார்கள். அந்தப் பிரதிகளைப் பிள்ளைகள் படம் பிடித்துக் கணனியில் போட்டு வைத்தார்கள். கணனியிலுள்ள படம் மூல உறுதிக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் கையில் இருந்தால் பதிவகத்தில் மீண்டும் பிரதி எடுப்பது எவ்வளவோ இலகு. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதிக் காணி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. போரில் இறந்த மகனின் ஒரேயொரு படம் கணனியில் மட்டும் இருக்கின்ற வீடுகளும் உள்ளன. ஆக, கணனி இன்று அந்த வீட்டின் உறுதிப் பை.

பூட்டிவிட்டுப் பணம் கேட்பவன்

2017 மே 12ஆம் திகதி 'வன்னாக்கிறை' என்னும் நச்சு மென்பொருள் உலகெங்கும் பரவத் தொடங்கி, ஏறக்குறைய 150 நாடுகளில் கணனிகளைப் பிடித்தது. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் பலவற்றில் சத்திரசிகிச்சைகள்கூடப் பிற்போடப்பட்டன. இவ்வகை மென்பொருள் கணனியை உடைப்பதில்லை. உள்ளே இருக்கும் படங்களையும் கடிதங்களையும் எவராலும் திறந்து வாசிக்க இயலாத குறியீடாக மாற்றிவிட்டு, திரும்ப வேண்டுமானால் 300 டொலர் பெறுமதியான 'பிற்கொயின்' அனுப்பு என்று திரையிலே அறிவித்தல் போடும். பணம் கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்ற உத்தரவாதம் எதுவுமில்லை.

இச்சம்பவத்தில் எமது கவனத்துக்குரியது ஒரு திகதி. 'வன்னாக்கிறை' நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2017 மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதனைப் போடாமல் இருந்தவர்களின் கணனிகளே பெரும்பாலும் அகப்பட்டன. மாரி தொடங்குமுன் வரம்பிலுள்ள நண்டுப் பொந்தை மிதித்து அடைக்கிறோமே, அதே வேலைதான் இது. ஆனால் எமது வீடுகளில் டேற்றாக் காசு போகிறது என்று இந்த இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையே விண்டோசுக்கான திருத்தங்கள் வழக்கமாக வெளிவருகின்றன. அந்த வார இறுதியில் ஒருமுறை இணைத்துவிட்டால் மாதம் முழுவதற்கும் அது போதும்.

மாமா விட்டுச்சென்ற மடிக்கணனியில் இன்னொரு சிக்கல் உள்ளது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதி முடிவடைந்தது. பழைய இயந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவ்வாறான கணனியை எறியத் தேவையில்லை. 'உபுண்டு', 'லினக்ஸ் மின்ற்' போன்ற பணிசெயல் முறைமைகள் இலவசம்; பழைய கணனியிலும் ஓடும்; திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. அதற்கும் வழியில்லையெனில், அக்கணனியைப் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, வங்கி அலுவலை அதில் செய்யாது விடுவது நல்லது.

வைரசு எதிர்ப்பு மென்பொருள் வாங்க வேண்டுமா என்று பலர் எம்மிடம் கேட்கின்றனர். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு அது கணனியோடு சேர்ந்தே வருகிறது. அதனை அணைக்காமல் விட்டாலே சாதாரண வீட்டுக்குப் போதும். இதனை அணைப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நாமேதான். பட்டினக் கடைகளில் களவுப் பிரதியாகப் போட்டுத் தரும் மென்பொருளோடு, "போடுமுன் வைரசுக் காவலை நிறுத்தவும்" என்றொரு குறிப்பும் வரும். காவல் நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கதவைத் திற என்று சொல்பவன் எதற்கு வருகிறான் என்பது எமது பெரியவர்களுக்குத் தெரியாததா? கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் 'லிப்ரே ஒவ்பிஸ்' இலவசமாகவே கிடைக்கின்றது. தமிழில் தட்டச்சு செய்வதற்குக் கண்ட கண்ட இடத்திலிருந்து மென்பொருள் இறக்கவும் தேவையில்லை. விண்டோசுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. (பாமினியில் எழுதிப் பழகிய எம்மைப் போன்றோருக்குக் கொஞ்சம் கை தடுமாறும், அவ்வளவே.)

பென்ட்ரைவ் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்ணப்பப் படிவத்தை அச்சிடத் தொடர்பகத்துக்கு எடுத்துச்சென்று, வீட்டுக்கு வந்து செருகியதும், கோப்புறைகள் எல்லாம் மறைந்து அதே பெயரிலே சிறிய அம்புக்குறி போட்ட குறுக்குவழிகள் தெரியும். பிள்ளைகள் பயந்துபோய் அதனைச் சொடுக்குவார்கள். சொடுக்கியதும் நச்சு மென்பொருள் வீட்டுக் கணனிக்குள் ஏறிவிடும். உண்மையில் கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. சொடுக்காமல், வைரசுக் காவலைக் கொண்டு பென்ட்ரைவை முதலில் சோதித்தால் பெரும்பாலும் மீட்கலாம். அச்சிடுவதற்கென மலிவான ஒரு பென்ட்ரைவைத் தனியே வைத்து, அதில் உறுதியையோ குடும்பப் படத்தையோ போடாமல் இருப்பது இதைவிடச் சிறந்தது.

இவ்வளவு செய்தாலும் கணனி ஒருநாள் பழுதாகத்தான் போகிறது. இடி விழும், மின்சாரம் ஏறி இறங்கும், வன்தட்டு தேயும். எனவே முக்கியமானவற்றுக்கு வேறு இரண்டு பிரதிகள் இருக்க வேண்டும். ஒன்று ஒரு வெளி வன்தட்டில் அல்லது நல்ல பென்ட்ரைவில். பிரதி எடுத்ததும் கணனியிலிருந்து அதனைக் கழற்றி அலுமாரியில் வைக்க வேண்டும். கொழுவியபடி விட்டால் கணனியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடுவார்கள். மற்றையது வீட்டுக்கு வெளியே, மணமுடித்துப் போன மகளின் வீட்டிலோ, கூகிள் கணக்கொன்றுக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைற் இடத்திலோ இருக்கலாம். விதைநெல்லை உண்ணும் நெல்லோடு சேர்த்து வைக்காத மக்களுக்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று எவருக்கும் தெரியாது.

தொலைபேசியில் வரும் குரல்

நச்சு மென்பொருளைக் காட்டிலும் எமது குடும்பங்களைக் கூடுதலாக வருத்துவது மனிதக் குரலே. 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியதிலிருந்து ஏழைக் குடும்பங்களின் காசு வங்கிக் கணக்குக்கே வருகின்றது. உர மானியமும் அப்படியே. காசு எங்கே போகிறதோ, கள்வனும் அங்கே போகிறான்.

அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். "அம்மா, நான் வங்கியிலயிருந்து கதைக்கிறன். உங்கட அஸ்வெசுமக் காசு நிண்டுபோய்க் கிடக்குது. இப்ப உங்கட போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதைச் சொன்னியளெண்டால் திறந்து விடுறன்." தாயார், "பொறுங்கோ தம்பி, கண்ணாடியை எடுக்கிறன்" என்பார். வந்த ஆறு இலக்கத்தை வாசிப்பார். அந்த இலக்கம் காசை வெளியே எடுப்பதற்கான ஒருமுறைக் கடவுச்சொல். எந்த வங்கியும் அதனைத் தொலைபேசியில் கேட்பதில்லை. அது வந்த குறுஞ்செய்தியிலேயே எவருக்கும் சொல்லவேண்டாம் என்று எழுதியிருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இது எமக்கு ஒரு குறையாகவே படுகிறது. தமிழ் வாசிக்கும் வாடிக்கையாளருக்குத் தமிழில் எச்சரிக்கை அனுப்புவது வங்கிகளுக்குப் பெரிய காரியமல்ல.

இன்னொரு குரல், உங்கள் கணனியில் வைரசு இருப்பதாகத் தாம் கண்டுவிட்டதாகச் சொல்லும். அல்லது இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவப்பாகி, ஒலி எழுப்பி, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள் என்று காட்டும். அழைத்தால், 'எனிடெஸ்க்' அல்லது 'ரீம்வியூவர்' என்னும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அவை தூரத்திலிருந்து கணனியைத் திருத்துவதற்கான நேர்மையான மென்பொருள்கள்தாம். ஆனால் போட்டு அனுமதி கொடுத்துவிட்டால், வங்கிக் கணக்கைத் திறப்பது வரை எல்லாவற்றையும் அந்நியன் உங்கள் கண்முன்னே செய்வான். உண்மையான நிறுவனம் எதுவும் வீட்டுக்கு அழைத்து வைரசு இருக்கிறது என்று சொல்வதில்லை. திரை சிவந்தால் உலாவியை மூடினால் போதும். மூட மறுத்தால் கணனியையே அணைத்துவிடலாம்.

வெளிநாட்டு உறவின் பெயரால் வருவது எமக்கே உரிய சோதனை. ஒருநாள் வட்ஸ்அப்பில் தெரிந்தவர் ஒருவர், "தவறி ஒரு ஆறு இலக்கம் உங்களுக்கு வந்திட்டுது, அனுப்பி விடுங்கோ" என்பார். அனுப்பினால் எமது வட்ஸ்அப் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். கேட்டவர் அந்தத் தெரிந்தவரே அல்லர். அவருடைய கணக்கும் முன்பே பறிபோயிருக்கும். இனி எமது பெயரிலே ரொறன்ரோவிலுள்ள அண்ணனிடம், "அம்மாவை ஆஸ்பத்திரியில விட்டிருக்கு, அவசரமாக் காசு வேணும்" என்று கேட்பான். இடம்பெயர்ந்த குடும்பம் என்றால் அவசரச் செய்தி புதிதல்ல. அண்ணன் யோசியாமல் அனுப்புவார். வட்ஸ்அப் அமைப்பில் 'இரு படிச் சரிபார்ப்பு' என்பதைத் திறந்து தனி இரகசிய எண் ஒன்றைப் போட்டுவிட்டால், அந்த ஆறு இலக்கம் மட்டும் கிடைத்தவனால் உள்ளே வர இயலாது. காசு கேட்டு எந்தச் செய்தி வந்தாலும், பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பின்னரே அனுப்புவது என்று குடும்பத்துக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளலாம். சிலர் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்திருக்கிறார்கள். ஊரில் எங்கள் கிணற்றடியில் நின்ற மரம் என்ன என்பது போன்ற கேள்வி கள்வனுக்கு எப்படித் தெரியும்?

கணனி படித்த இளைஞருக்குத் தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் வேலை என்று வரும் விளம்பரம் இவற்றையெல்லாம் விடக் கொடியது. அவ்வாறு சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவதிப் பக்கத்துக்குக் கடத்தப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, உலகெங்குமுள்ளவர்களை இணையத்திலே ஏமாற்றும்படி வற்புறுத்தப்பட்டார்கள். 2024இல் பலர் தொகுதி தொகுதியாக மீட்கப்பட்டு நாடு திரும்பினர். ஆகவே எம்மை ஏமாற்றும் அந்தக் குரலுக்குரியவரும் சிலவேளை எமது பிள்ளைகளைப் போன்ற ஒரு கைதியாக இருக்கலாம். வெளிநாட்டு வேலை தருவதாக ஒருவர் சொன்னால், பயணச்சீட்டுக்குக் காசு கட்டுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவர் பதிவு செய்தவரா என்று விசாரிக்க வேண்டும்.

நடந்துவிட்டால்

ஏமாந்தவர்கள் வெளியில் சொல்வதில்லை. கணவருக்கும் தெரியாமல் மறைத்து, அடைவு வைத்து ஈடுசெய்யும் தாய்மார் இருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்த உத்தியோகத்தர்களும் ஏமாறுகிறார்கள். இதனை அன்பியக் கூட்டத்திலும் கமக்கார அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் வாய்விட்டுப் பேசினால், அதே குரல் அடுத்த வீட்டுக்கு அழைக்கும்போது அங்கே விழிப்பாக இருப்பார்கள்.

முதல் வேலை வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்துவிப்பது. அட்டையின் பின்புறத்திலுள்ள எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். விடியட்டும் என்று பார்க்கக்கூடாது. கணனிக்குள் எவரையாவது விட்டிருந்தால் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். வந்த குறுஞ்செய்தியையும் அழைத்த எண்ணையும் அழிக்காமல் படம் பிடித்து வைக்க வேண்டும். கணனிப் பாதுகாப்புக்காக 2006இல் தொடங்கப்பட்ட அரச நிறுவனமான 'ஸ்ரீலங்கா சேர்ட்' 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை வழங்குகிறது. பொலிஸ் நிலையத்தில் இதெல்லாம் எங்கள் வேலையல்ல என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டம் என்று ஒன்று இருப்பதைச் சொல்லலாம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்கி, வங்கிக்குக் கொடுக்கும் கடிதத்தில் அதனைக் குறிப்பிட்டு, அக்கடிதத்தின் மறுபிரதியில் வங்கியின் முத்திரையைக் குத்துவித்து வீட்டிலே வைத்துக்கொள்ளுங்கள்.