தசைத் தளர்த்தி மருந்துகளும் நீட்சிப் பயிற்சியும்

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளை மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரால் பயிரிடுகின்றனர். அங்கே விலைபோவது பூவன்று, விதையே. விதையிலுள்ள கோல்ச்சிகோசைடு என்னும் பொருளை இரசாயன முறையில் சிறிது மாற்றித் தயோகோல்ச்சிகோசைடு என்னும் மருந்தைச் செய்கின்றனர். இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு ஆகியவற்றுக்கு நம் நாட்டு மருத்துவர்கள் எழுதித் தரும் தசைத் தளர்த்திகளுள் இஃதும் ஒன்று. (கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு, அவற்றை வீட்டில் அரைத்து உண்பது உயிருக்கு ஆபத்தாகும்.)

தசைத் தளர்த்தி என்னும் பெயரைக் கேட்டவுடன், மாத்திரையை விழுங்கிவிட்டுப் பயிற்சி செய்தால் உடல் நன்கு வளையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெரும்பாலான இம்மாத்திரைகள் தசையின்மீது நேராக வேலை செய்வதில்லை. மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள நரம்புகளின் இயக்கத்தையே மாற்றுகின்றன. தசை திடீரென இழுபடும்போது அதனுள் அமைந்த நுண்ணிய உணர்விகள் முதுகுத் தண்டுக்குச் செய்தி அனுப்ப, உடனே அத்தசை சுருங்குகிறது. மருத்துவர் முழங்காலின்கீழ்ச் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் உதறுவது இவ்வனிச்சைச் செயலாலேயே.

நலமுள்ளவர் மெதுவாகக் குனிந்து பாதத்தைத் தொட முயலும்போது, தொடையின் பின்புறத் தசைகள் ஏறத்தாழ ஓய்ந்தே இருக்கின்றன. அங்கே தடையாக நிற்பது தசை நாரின் இயல்பான மீள்தன்மையும், அதைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும், இழுபடுதலைப் பொறுக்கும் அளவுமேயாம். சில வாரப் பயிற்சியால் வளைவு கூடுவதும் பெரும்பாலும் இப்பொறுமை வளர்வதனாலேயே. ஆகவே மருந்து தளர்த்துவதற்கு அங்கே இறுக்கம் அதிகமில்லை. மாறாக, மயக்கமும் சோர்வும் வந்து, எச்சரிக்கும் வலியும் மங்கினால், தசை கிழியும் அளவுக்கு இழுத்துவிடுதல் எளிது.

பக்கவாதம், மூளை முடக்கு வாதம், முதுகுத் தண்டுக் காயம் ஆகியவற்றிலோ நிலைமை வேறு. மூளையின் கட்டுப்பாடு தளர்வதால் அனிச்சைச் செயல் மிகைப்பட்டு, தசை ஓயாமல் விறைத்திருக்கும். பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் நிலையங்களுக்கு வரும் நோயாளருள் இத்தகையோர் உண்டு. இவர்க்குப் பயன்படும் பேக்லோஃபென், 1962-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் வலிப்பு நோய்க்கென ஆக்கப்பட்டது. அதற்குப் பயன் தராது, விறைப்புக்கே மருந்தாக நிலைத்தது. விறைப்புக் குறையும் வேளையில் இயன்முறைப் பயிற்சியாளர் கைகால்களை நீட்டுதல் எளிதாகிறது. நீட்டும் வேலையை மாத்திரை செய்வதில்லை. அதற்கு வழியைத் திறக்கிறது, அவ்வளவே. தசை நிலையாகவே குறுகிவிட்டபின் எம்மாத்திரையும் அதை நீளச் செய்யாது. பட்டைக் கட்டு, சில வேளை அறுவை ஆகியவையே துணை.

ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காலில் வலுவற்ற சில குழந்தைகள் அவ்விறைப்பையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கின்றனர். மருந்தின் அளவு கூடினால் கால் துவண்டு விழுவர். வகுப்பில் உறங்கவும் செய்வர். இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாது பெற்றோர்க்குத் தெரிவித்தால், மருத்துவர் அளவைத் திருத்துவார். ஆயினும் பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பு, காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியன தோன்றலாம். சுற்றுலா செல்லும் நாளிலும் மாத்திரை தவறாமல் உடன் செல்ல வேண்டும்.

தயோகோல்ச்சிகோசைடின் இயல்பு வேறு. அதுவே வலிப்பைத் தூண்டக்கூடும். உடலில் அது மாறித் தோன்றும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கண்டு, ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் வாய்வழியாக உட்கொள்வதை ஏழு நாள்களுக்கு மேற்படாது வரையறுத்தது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்க்கும், 16 வயதுக்குட்பட்டோர்க்கும் கூடாதென்றது. பழைய சீட்டைக் காட்டி மாதக் கணக்கில் வாங்கி உண்போரைக் களப்பணியாளர்கள் மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டியது இதனாலேயே.