ஆற்றலும் அதன் பயனும்

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை இரயிலில் செல்வோர் வெலிங்டனை அடுத்து அருவங்காட்டைக் காண்பர். ஆங்கிலேயர் 1903ஆம் ஆண்டில் நிறுவிய கார்டைட் தொழிற்சாலையால் பெயர்பெற்ற ஊர் அது. குண்டினை உந்திச் செலுத்தும் புகையற்ற வெடிமருந்தே கார்டைட் ஆகும். அதன் கூறுகளுள் ஒன்றான நைட்ரோகிளிசரின், நெஞ்சுவலியுற்றோர் நாவின் அடியில் இடும் மருந்தாகவும் பயன்படுகிறது. பொருள் ஒன்றே, பயனை வகுப்பது மனிதரின் நோக்கம். இவ்வுண்மையைக் கதைகள் எங்ஙனம் உணர்த்துகின்றன என நோக்குவோம்.

அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709இல் சொல்லக் கேட்டு, அலாவுதீன் கதையைப் பிரெஞ்சு அறிஞர் கலான் எழுதினார். எதையும் கொணரவல்ல பூதம் விளக்கில் இருந்தும், அலாவுதீன் வீட்டார் முதலில் பெற்றது உணவே. அது வந்த வெள்ளித் தட்டுகளை விற்று அவர்கள் காலம் கழித்தனர். பசித்தவர் உணவு பெற்றதைக் குறைகூறல் ஆகாது. ஆயினும், அவ்வூரில் பசித்தோர் வேறெவரும் இலரோ என்னும் வினா நம்முள் எழுகிறது.

2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படத்தில், நாட்டின் படைக்கென ஆக்கப்பட்ட சிட்டி என்னும் இயந்திர மனிதன், ஒரு பெண்ணைக் கடித்த கொசுவைத் தேடி அலைகிறான். அவளுக்குத் தேர்வில் களவாக விடையும் சொல்கிறான். ஆற்றலின் பெருமைக்கும் ஏவலின் சிறுமைக்கும் உள்ள இடைவெளியே அங்கு நகைப்பை விளைவிக்கிறது.

இவற்றுக்கு மறுதலையாக நிற்பவன் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன். மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் அவன் பலர் பசி தீர்த்தான். மழை பெய்து நாடு செழித்தபின் உண்பாரைக் காணாது, பஞ்சமுற்ற சாவகம் நோக்கிக் கப்பலேறினான். வழியில் ஆளில்லா மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். அள்ள அள்ளக் குறையாத கலம் கையில் இருந்தது. தான் மட்டும் உண்டு வாழ அவன் உள்ளம் ஒப்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். பின்னர் அக்கலம் மணிமேகலையின் கையை அடைந்தது. புகார் நகரத்துச் சிறைக்கோட்டம் அதனால் அறக்கோட்டமாயிற்று.

கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கணினிகள் இன்று நம் மாணவர்தம் கைகளில் உள்ளன. அவற்றிடம் சிட்டியின் களவு விடையைக் கேட்பதா, அறியாமைப் பசி தீர்க்கும் அமுதசுரபியாக அவற்றை ஆக்குவதா? விளக்கு எதையும் தரும். கேட்க வேண்டுவதை நாமே கற்றல் வேண்டும்.