தேசாதிபதியின் ஆணையைத் தடுத்த நீதியரசர்

தேயிலைத் தோட்டத்திலே துரையின் சொல்லே சட்டமாக விளங்கிய காலத்தை நம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்திருக்கிறோம். துரைக்கும் மேலான தேசாதிபதியின் ஆணையையே செல்லாதென்று ஒதுக்கிய வெள்ளைக்கார நீதியரசர் ஒருவரும் அந்நாளில் இருந்தார். அவரே சேர் சிட்னி ஆபிரகாம்ஸ்.

1885இல் பர்மிங்காமில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீளப்பாய்தலிற் பங்குபற்றினார். 1924இல் பாரிஸில் நூறு மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஹரால்ட் ஆபிரகாம்ஸ் இவருடைய தம்பி. சன்சிபார், உகண்டா, தங்கனீக்கா முதலிய நாடுகளில் நீதித்துறையிற் பணியாற்றியபின், 1936இல் இலங்கையின் பிரதம நீதியரசரானார்.

மறு ஆண்டே சோதனை வந்தது. மடுல்கலையில் துரை வேலை பழக வந்த மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்னும் இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையை இழந்து, லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்திலே துரைமாரைக் கண்டித்துப் பேசினார். தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை இரண்டு நாளில் நாட்டை விட்டு நீங்குமாறு கட்டளையிட்டார். இளைஞரோ தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலிலே மக்கள்முன் தோன்றினார், பின்னர் கைதானார்.

ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. இளைஞருக்காக எச். வி. பெரேரா வாதாடினார். தேசாதிபதி ஆதாரமாகக் காட்டிய 1896ஆம் ஆண்டுக் கட்டளை நெருக்கடி வேளைக்கென வகுக்கப்பட்டது. நெருக்கடியில்லாத காலத்தில் ஒருவரின் பேச்சுக்காக அதனைப் பிரயோகித்தல் ஆகாது. இவ்வாறு கண்டு, ஆபிரகாம்ஸும் மாட்டன்ஸ், சோர்ட்ஸ் ஆகிய இரு நீதியரசர்களும் மே 18ஆம் திகதி இளைஞரை விடுதலை செய்தனர். தம்மைப் போன்றே முடியின் ஊழியரான தேசாதிபதிக்கு எதிராகத் தீர்ப்பளிக்க ஆபிரகாம்ஸ் தயங்கவில்லை.

இத்தீர்ப்பு நமக்கு உணர்த்துவது யாது? ஆள்வோர் சட்டத்தை மீறினால் நீதிமன்றம் தடுக்கலாம். சட்டமே அநீதியாயின் என் செய்வது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அந்த இளைஞர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்தம் வாக்குரிமைக்காக நடந்த வழக்கும் 1953இல் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது. எஞ்சிய நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இலேதான் பிறந்தது.

நல்ல நீதியரசர் அமைவது பேறு. நல்ல சட்டத்தை ஆக்கிக்கொள்வது மக்கள் கடன். சட்டம் பயிலும் நம் மலையக மாணவர் இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்துவாராக!