கை தட்டியவர்களே காப்பாற்றினார்கள்

திடலோரம் நின்று கை தட்டுகிறவர்களால் குழுவுக்கு என்ன பயன் என்று நீங்கள் எண்ணியதுண்டா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்றொரு நகரம். அதன் பேஸ்பால் குழுவின் பெயர் ரெட் விங்ஸ். பெரிய லீக்கில் ஆடும் குழு அல்ல. பெரிய குழுக்களுக்கு ஆட்டக்காரர்களைப் பழக்கி அனுப்பும் அடுத்த நிலைக் குழு. அதை நடத்திவந்த செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் நிறுவனம், 1950களின் நடுவில் அதைக் கைவிட முடிவு செய்தது. குழு ஊரைவிட்டே போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது.

ரசிகர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மோரி சில்வர் என்னும் உள்ளூர் வணிகர் முன்னின்றார். 1957-இல், பங்கு ஒன்று 10 அமெரிக்க வெள்ளி வீதம் விற்கப்பட்டது. 8,222 பேர் வாங்கினார்கள். குழு ஊராருக்கே சொந்தமாயிற்று! 1968-இல் திடலுக்கும் சில்வரின் பெயரையே சூட்டினார்கள்.

பதினான்கு ஆண்டுகள் பொறுத்துப் பலன் பாருங்கள். 1971-இல் ரெட் விங்ஸ் தன் லீக்கின் கவர்னர்ஸ் கோப்பையை வென்றது. அடுத்து, ஜூனியர் உலகத் தொடரில் டென்வர் குழுவைச் சந்தித்தது. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு மூன்று வெற்றி. ஏழாவது ஆட்டத்தில் ரோச்செஸ்டர் வென்று வாகை சூடியது.

அந்த வெற்றியில், 10 வெள்ளி கொடுத்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டல்லவா?

உங்கள் தோட்டத்துக் குழுவின் பந்து கிழிந்திருக்கிறதா? கை தட்டுங்கள்; அந்தக் கை கொஞ்சம் சட்டைப் பைக்குள்ளும் போகட்டும்!