மனைவிக்கு சீனி வருத்தம்: கணவன்மார் செய்ய வேண்டியது என்ன?

என் மனைவிக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்து ஐந்து வருடங்களாகின்றன. முதல் வருடத்தில் நான் அவருக்கு என்ன உதவி செய்தேன் என்று யாராவது கேட்டால் வெட்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும். தேநீருக்கு அரைக் கரண்டி சீனி போட்டாலும் கண்டித்தேன். ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்தில் அவர் வட்டிலப்பம் சாப்பிட்டதைக் கேள்விப்பட்டு, வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "இன்றைக்கு நடந்தீங்களா?" என்று தினமும் கேட்டேன். நான் ஒரு நாளாவது கூட நடக்கவில்லை.

அந்த வருட முடிவில் எடுத்த எச்பிஏ1சி பரிசோதனை முன்பிருந்ததைவிடக் கூடியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த வைத்தியர் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "வீட்டில இரவைக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். ரொட்டி, பராட்டா, சில நாட்களில் கொத்து என்றேன். "அப்ப இவங்க தனக்கு மட்டும் வேறயா சமைக்கணுமா?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் மனைவி சொன்னார்: "எனக்கு வீட்டுக்குள்ள ஒரு பொலிஸ் தேவையில்ல. கூட வாறதுக்கு ஒரு ஆள் இருந்தாப் போதும்."

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. எந்த மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் நடக்க வேண்டிய மாற்றம் நம் கையில் இருக்கிறது.

நம் வீட்டுப் பெண்களின் நிலை

கணவனுக்குச் சீனி வருத்தம் வந்தால் பெரும்பாலும் முழு வீட்டின் சமையலும் மாறிவிடும். மனைவி குரக்கன் மா வாங்குவார், சோற்றைக் குறைப்பார், குளிசையை எடுத்துக் கையில் கொடுப்பார். மனைவிக்கு வந்தால் அப்படி நடப்பது குறைவு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவர் கடைசியாகச் சாப்பிடுகிறார். சாப்பாடு பிந்தும்போது குளிசையும் பிந்துகிறது, அல்லது மறந்தே போகிறது. பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாது என்று அதையும் அவரே சாப்பிட்டு முடிக்கிறார். கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு காலையிலேயே போக வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப ஆளில்லை என்று அதையும் தவறவிடுகிறார்.

இன்னொரு விடயம். கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் மறந்துவிடுகிறோம். என் மனைவிக்கும் கடைசிப் பிள்ளையின்போது அப்படி இருந்தது. அதன்பின் ஒன்பது வருடங்கள் அவர் இரத்தம் பரிசோதிக்கவில்லை. நானும் ஞாபகமூட்டவில்லை.

இலக்கங்களைக் கணவனும் அறிந்திருக்க வேண்டும்

மனைவியின் கிளினிக் கொப்பியை நான் முதன்முதலாகத் திறந்து பார்த்தது அன்றுதான். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சீனி இருந்தால் அது நீரிழிவு நிலை. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். அது 6.5 வீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. நீரிழிவு உள்ள பலருக்கு அதை 7 வீதத்துக்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. வயதையும் ஏனைய நோய்களையும் பார்த்து வைத்தியர் அதை மாற்றுவார்.

ஒரு நாள் வட்டிலப்பத்துக்காகச் சண்டை பிடிப்பதில் ஏன் பயனில்லை என்பது இந்தப் பரிசோதனையைப் புரிந்துகொண்டபோதுதான் எனக்கு விளங்கியது. முக்கியமானது ஒரு விருந்தல்ல. மூன்று மாதங்களாக வீட்டில் ஒவ்வொரு நாளும் என்ன சமைத்தோம் என்பதுதான்.

எல்லோருக்கும் ஒரே சமையல்

அதனால் முதலில் மாறியது மனைவியின் கோப்பை அல்ல, எங்கள் எல்லோருடைய கோப்பையும்தான். பாதிக் கோப்பை மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன், முட்டை, பருப்பு போன்றவை, மீதிக் கால்வாசி சோறு. வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத சிவப்பரிசி. இரவில் பராட்டாவை விட்டோம். பிள்ளைகள் ஒரு மாதம் முறைப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

நம்மிடையே சில தவறான எண்ணங்கள் உண்டு. குரக்கன் ரொட்டி என்றால் எத்தனையும் சாப்பிடலாம் என்று நினைக்கிறோம். அதிலும் மாச்சத்து இருக்கிறது, அளவு முக்கியம். வெள்ளைச் சீனிதான் கூடாது, தேனும் கித்துள் கருப்பட்டியும் நல்லது என்கிறோம். இரண்டுமே இரத்தத்தில் சீனியைக் கூட்டும். கறுவாத் தண்ணீரும் வெந்தயமும் குடித்துவிட்டுக் குளிசையை நிறுத்துவது ஆபத்து.

உலக சுகாதார ஸ்தாபனம் சுகமாக இருப்பவர்களுக்கே நாளொன்றுக்கு, சேர்க்கப்பட்ட சீனி சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டியளவுக்குள் இருப்பது நல்லது என்கிறது. நம் வீடுகளில் இரண்டு மூன்று தேநீரிலேயே அது முடிந்துவிடும். மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் 2016 முதல் இலங்கையில் இருக்கின்றன. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கும் அதிகமான சீனி. விருந்தாளி வந்தால் சிவப்புப் போத்தலை உடைப்பதுதான் மரியாதை என்ற பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம்.

விருந்துகளில் ஸஹனில் ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது. பிரியாணிக்கு முன் வீட்டில் கொஞ்சம் சலாதும் மரக்கறியும் சாப்பிட்டுவிட்டுப் போவது எங்களுக்குக் கைகொடுத்தது.

கூட நடப்பது

வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்கிறார்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், ஐந்து நாட்கள். சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி ஏற்றம் குறையும். ஆனால் நம் ஊர்களில் ஒரு பெண் தனியாக வீதியில் நடப்பது இலகுவல்ல. பார்வைகளும் கேள்விகளும் அதிகம். கணவன் கூடப் போனால் அந்தக் கேள்விகள் இல்லை. நாங்கள் இஷாவுக்குப் பின் நடக்கிறோம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. மனைவியோடு வீதியில் நடக்க நமக்கு என்ன கூச்சம்?

கால்களும், சீனி இறங்குதலும்

நீண்ட காலம் சீனி கூடியிருந்தால் பாதத்தில் உணர்வு குறையும். முள் குத்தினாலும் தெரியாது. சிறு காயம் புண்ணாகிக் காலையே இழக்கும் நிலை வரலாம். உள்ளங்காலைத் தானே பார்ப்பது சிரமம். இரவில் படுக்க முன் நான் பார்க்கிறேன். முதல் நாள் அவருக்கும் எனக்கும் வெட்கமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. வுழூச் செய்த பின் விரலிடுக்குகளைத் துடைத்து உலர வைப்பதும் முக்கியம். ஈரம் நின்றால் பூஞ்சை வரும். வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனையும் அவசியம்.

வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது சீனி இறங்கிய அடையாளமாக இருக்கலாம். 70க்குக் கீழ் என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். சுயநினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சிலவகைக் குளிசை பாவிப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ரமழானில்

நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைச் சந்தித்து மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்போடு விரலில் குத்தி இரத்தம் பரிசோதித்தால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பலரின் நிலைப்பாடு. 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஸூரா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தந்த சலுகையை, அயலவர் என்ன நினைப்பார்களோ என்று நம் பெண்கள் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். "நோன்பைத் திறங்க, நான் இருக்கிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டியவர் கணவன். ஸஹர் சாப்பாட்டையும் பிந்திச் சாப்பிடும்படி அவர் ஞாபகமூட்டலாம். இப்தார் மேசையில் பொரித்தவற்றைக் குறைத்துக் கஞ்சியையும் பழத்தையும் வைக்கலாம்.

கடைசியாக

இப்போது அவரது எச்பிஏ1சி 7.1. அல்ஹம்துலில்லாஹ். சில நாட்கள் கூடும், சில நாட்கள் குறையும். கூடிய நாளில் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அது விசாரணை போல இருக்கும். "இன்றைக்குக் கஷ்டமா இருந்ததா?" என்று கேட்கிறேன். வருடக்கணக்கில் குளிசையும் ஊசியுமாக வாழ்பவருக்கு மனச்சோர்வு வரும் என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடந்த வருடம் மனைவியின் வற்புறுத்தலில் நானும் இரத்தம் பரிசோதித்தேன். வெறும் வயிற்றில் 112. நீரிழிவு அல்ல, அதற்கு முந்திய படி. அரசாங்க வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். அன்று இரவு நடக்கப் போகும்போது மனைவி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்க, நான் கூட வாறேன்."