நம் பெயரில் ஒரு பாஸ்போர்ட் இருக்கட்டும்!



வீட்டுப் பத்திரம், நகை ரசீது, பிள்ளைகளின் மார்க் ஷீட் என்று எல்லாவற்றையும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறவர்கள் நாம். ஆனால் "உங்க பேர்ல என்னென்ன பேப்பர் இருக்கு?" என்று யாராவது கேட்டால் விழிப்போம். பாஸ்போர்ட் என்றாலோ கேட்கவே வேண்டாம். "நமக்கு எங்கே வெளிநாட்டு யோகம்? எடுத்து பீரோவில பூட்டி வைக்கவா?" என்று சிரித்துவிடுவோம்.

அவசரம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. துபாயில் வேலை பார்க்கும் கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று போன் வந்தால், டிக்கெட்டுக்குப் பணம் புரட்டிவிடலாம். பாஸ்போர்ட்டைக் கடன் வாங்க முடியுமா? அதனால்தான் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் மாமியாருக்கு முதன்முதலாக பாஸ்போர்ட் எடுத்தோம். வயது 62. பிறந்தது மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு முதல் கரு தங்காமல் போய், இரண்டாவது தடவை உண்டாகியிருந்தாள். டாக்டர் படுத்தே இருக்க வேண்டும், பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். "அம்மா, நீ வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று போனில் ஒரே அழுகை.

விசாரித்தபோது ஒரு ஏஜென்ட், "பர்த் சர்டிபிகேட் இல்லாம ஒண்ணும் நடக்காதும்மா. எட்டாயிரம் கொடுங்க, எல்லாத்தையும் நான் ரெடி பண்றேன்" என்றார். பிறந்ததைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத ஊரில் பிறந்தவருக்கு அந்தச் சான்றிதழுக்கு எங்கே போவது? அத்தை அன்று இரவு சாப்பிடவே இல்லை.

உண்மை என்ன தெரியுமா? 2016 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. பிறந்த தேதிக்குச் சான்றாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அடையாள அட்டை, எல்.ஐ.சி. பாலிசி பத்திரம் இவற்றில் ஒன்று, முழுத் தேதியோடு இருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும் என்பது 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குத்தான். பேரன், பேத்தி பெற்றவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்பதையும் அப்போதே நீக்கிவிட்டார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலும் போதும். உறுதிமொழிகளை வெள்ளைத் தாளில் நாமே எழுதிக் கையெழுத்திடலாம். நோட்டரி வக்கீலைத் தேடி ஓட வேண்டாம்.

ஆக, எங்களுக்குச் சிக்கல் தேதியில் இல்லை, பெயரில்தான்! நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி இருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்பா இனிஷியல். கல்யாணமானதும் கணவர் இனிஷியல். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். அத்தையின் ஆதாரில் மாமாவின் இனிஷியல். பான் கார்டில் இனிஷியல் போட மாட்டார்கள் என்பதால், பெயரோடு அவருடைய அப்பா பெயர் முழுசாக இருந்தது. பார்க்கிறவர்களுக்கு இரண்டு ஆள் மாதிரி!

பான் கார்டைக் காட்டி ஆதாரில் பெயரைத் திருத்திவிடலாம் என்றேன். அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. "நாப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு, இப்பப் போயி எங்கப்பா பேரைப் போட்டா உங்க மாமா என்னம்மா நெனைப்பாங்க?" என்று தயங்கினார்.

மாமாவிடமே கேட்டேன். "அவ அப்பா பேரு அவகூட வரட்டும். கணவர் பேருன்னு தனியா ஒரு கட்டம் இருக்குன்னியே, அங்க நான் இருந்துக்கறேன்" என்றார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சகோதரிகளே, கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் பெண்கள் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பிரதமரே 2017 ஏப்ரலில் இதை அறிவித்தார். அப்பா பெயரோ, கணவர் பெயரோ, எது வேண்டுமென்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஆனால் எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆங்கில எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சுமிக்கு ஒன்றில் எக்ஸ், இன்னொன்றில் கே, எஸ், எச் என்று இருந்தால் கவுண்டரில் திண்டாட வேண்டும்.

வெறும் ஒற்றைப் பெயரோடு விட்டுவிடவும் வேண்டாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்றது. பின்னர், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். ஏர்போர்ட்டில் நின்று விளக்கம் சொல்வதைவிட முதலிலேயே சரியாக எழுதுவது மேல் அல்லவா?

விண்ணப்பத்தை வெளியுறவுத் துறையின் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில்தான் போட வேண்டும். அதைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பல உண்டு. முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்குரிய 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரியவர்களுக்கான 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்து வருடம் செல்லும். முதல் தடவை எடுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. அத்தைக்கு 1,350 ரூபாய்தான் ஆனது. ஏஜென்ட் கேட்டது எட்டாயிரம்!

முகவரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உண்மையில் எங்கே குடியிருக்கிறோமோ அதைத்தான் எழுத வேண்டும். ஆதாரில் அம்மா வீட்டு முகவரி, குடியிருப்பது வேறு ஊரில் என்றால், போலீஸ் விசாரணைக்கு வரும்போது "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று போய்விடும். முதலில் முகவரியை மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள்.

குறித்த நாளில் அசல் ஆவணங்களோடு தஞ்சாவூர் சேவை மையத்துக்குப் போனோம். டோக்கன் கொடுத்து ஏ, பி, சி என்று மூன்று கவுண்டருக்கு அனுப்புகிறார்கள். முதலாவதில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, போட்டோவும் கைரேகையும் எடுக்கிறார்கள். ஸ்டுடியோ போட்டோ தேவையில்லை. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டும். அடுத்த இரண்டிலும் அதிகாரிகள் சரிபார்க்கிறார்கள். அத்தை தமிழில்தான் கையெழுத்துப் போட்டார்; யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று போக முடியாவிட்டாலும் பயமில்லை. பணம் கட்டி ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை வரை தேதியை மாற்றலாம்.

அதன்பின் போலீஸ் விசாரணை. இதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. நாம் கட்டிய பணத்திலேயே அடக்கம். பிறகு பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வீடு தேடி வரும். உரியவரிடம்தான் கொடுப்பார்கள்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் 'குடியேற்ற அனுமதி தேவை' என்ற குறிப்பு வரும். இதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக வைத்தது அது. மகளைப் பார்க்கவோ சுற்றிப் பார்க்கவோ போவதற்கு அது தடை அல்ல. 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் அந்தக் குறிப்பு கிடையாது.

கணவர் பிரிந்துபோய்த் தனியாகக் குழந்தையை வளர்க்கும் சகோதரிகளும் கலங்க வேண்டாம். இருவரும் கையெழுத்திட முடியாத நிலையில், ஒரே பெற்றோர் காரணத்தை எழுதித் தருவதற்கென்று இணைப்புப் படிவம் 'சி' இருக்கிறது. நிலைமையை மறைக்காமல் உள்ளபடி எழுதுங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. கல்யாணமாகி வெளிநாடு போகும் பெண்ணிடம், "உன் பாஸ்போர்ட் என்கிட்டயே இருக்கட்டும்" என்று கணவரோ புகுந்த வீட்டாரோ வாங்கி வைத்துக்கொள்வதைக் கேள்விப்படுகிறோம். வீட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் முதலாளிகள் பிடுங்கி வைப்பதும் உண்டு. 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் மத்திய அரசின் சொத்து. பெயருக்கு உரியவர் வைத்திருக்க வேண்டியது. அதைப் பறித்து வைக்க புருஷனுக்கும் உரிமையில்லை, முதலாளிக்கும் உரிமையில்லை. அப்படி நடந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். பெண்ணை விமானம் ஏற்றும் தாய்மார்கள் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் ஒன்றைத் தங்களிடம் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். சீர்வரிசையில் ஒரு பாத்திரம் குறைந்தாலும் குற்றமில்லை, இது குறையக் கூடாது.

அத்தை சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபோது நாத்தனாருக்கு எட்டு மாதம். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ஏஜென்ட் பேச்சைக் கேட்டு 'முடியாது' என்று உட்கார்ந்திருந்தால், அந்தப் பெண் தனியாகத்தான் பிரசவ அறைக்குப் போயிருக்க வேண்டும்.

பயணம் இருக்கிறதோ இல்லையோ, இந்த வாரம் ஒரு மத்தியான நேரம் ஒதுக்கி ஆதார், பான், வாக்காளர் அட்டை மூன்றையும் வரிசையாக வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே உங்கள் அம்மாவுடையதையும் மாமியாருடையதையும் பார்த்துவிடுங்கள். திருத்த வேண்டியதை இப்போதே திருத்தினால், போன் வருகிற அன்று பெட்டி கட்டினால் போதும். செய்வீர்களா, தோழியரே?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.