உஷார்! நடுவானில் 'வாயுதான்' என்று சும்மா இருக்காதீர்கள்!

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்புகிறீர்களா? ஊறுகாய், பருப்புப் பொடி, பிரசவ லேகியம் எல்லாம் கட்டியாச்சா? சரி, மாத்திரை டப்பா எங்கே? பெரிய சூட்கேஸிலா? முதலில் அதை வெளியே எடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. அறுபது தாண்டியவர், சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ராத்திரி போடும் சர்க்கரை மாத்திரை ஒன்றை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் சூட்கேஸில் போட்டுவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் மாத்திரையைப் போட்டார். சாப்பாடு வருவதற்குள் தூங்கிவிட்டார்.

விழித்தபோது ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுக்கம், படபடப்பு. "வாயுதான்" என்று நினைத்துக்கொண்டார். ஜன்னலோர சீட். தூங்குகிற இரண்டு பேரை எழுப்பக் கூச்சம். பொறுத்துப் பொறுத்து, கடைசியில் தடுமாறி எழுந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

உள்ளேயே விழுந்தார்.

பணிப்பெண்களால் அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியும். ஆனால் உள்ளே ஆள் விழுந்து கிடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வரிசையில் நின்றவர் தட்டித் தட்டிப் பார்த்துக் கூப்பிட்ட பிறகுதான் திறந்தார்கள். நல்லவேளை, விமானத்தில் ஒரு டாக்டர் இருந்தார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டார். பதில், "வெள்ளை ஒண்ணு... ரோஸ் ஒண்ணு..."

வேறொரு பயணியின் குளுக்கோமீட்டரில் பார்த்தால் சர்க்கரை 48! மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கியதில் இறங்கிவிட்டது. அவசரப் பெட்டியிலிருந்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றித்தான் தெளிந்தார். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஜூஸை ஊற்றிவிடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நன்றாக விழிப்பிருந்தால் மட்டும் கொடுக்கலாம்.

வாயு என்று நினைத்தது அவர் தப்பும் இல்லை. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கிற காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. கிட்டத்தட்ட ஊட்டி! வயிற்றில் இருக்கிற காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். உப்புசம் நிஜமாகவே வரும். அதே குறைந்த அழுத்தத்தில் ரத்தத்தில் ஆக்சிஜனும் குறையும். இளசுகளுக்கு ஒன்றும் தெரியாது. பலவீனமான இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தெரியும். வாயுவும் மாரடைப்பும் ஒரே மாதிரி வேஷம் போடுகிற இடம் அது.

நெஞ்சை அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுகிறதா? குளிர்ந்த வியர்வையா? வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்குகிறதா? எழுந்திருக்காதீர்கள். தலைக்கு மேலே அல்லது கைப்பிடியில் இருக்கிற அழைப்புப் பொத்தானை அழுத்துங்கள். ஆங்கிலம் வரவில்லையா? நெஞ்சில் கை வைத்துக் காட்டினாலே போதும், ஆக்சிஜனோடு ஓடி வருவார்கள்.

"ஏதாவது ஆனால் இறக்கிவிட மாட்டார்களா?" என்று கேட்கிறீர்களா? 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வைப் பாருங்கள். 604 விமானங்களுக்கு ஒன்றில் இப்படி மருத்துவ அவசரம் வந்திருக்கிறது. அதில் சுமார் 7 சதவீதம்தான் வழி மாற்றி இறக்கப்பட்டவை. டாக்டர் உதவி கிடைத்தது ஏறக்குறைய பாதிக்குத்தான். அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருந்தால், இறக்க நினைத்தாலும் கீழே தண்ணீர்தான்!

ஊருக்கு ஊர் நேரம் மாறும்போது எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்துப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும். இன்சுலினைச் சரக்கு அறைக்கு அனுப்பவே கூடாது, குளிரில் உறைந்தால் வீண்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. மேலே இடமில்லை என்று சில நேரம் விமான வாசலிலேயே கைப்பெட்டியையும் வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். கொடுக்கும் முன், பின்னால் வரிசை நிற்கிறதே என்று பதறாமல், அங்கேயே பெட்டியைத் திறந்து மாத்திரைப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.